சாலையில் ஒட்டிக்கொண்ட வெளிச்சம்

ஒரு அமாவாசை நாள் பொழுதோடு, இருட்டுகிற நேரத்தில், பாவடிப்பாளையத்துத் தமயந்தியின் ஒத்தச்சக்கரத்து விளக்கு சாலையில் போட்ட வெளிச்சம், சக்கரம் கடந்துபோன பிறகும் எழுந்து அதன் கூடப் போகாமல், விழுந்த இடத்திலேயே தங்கிவிட்டது. போகிற அவசரத்தில் தமயந்தி அதைக் கவனிக்கவில்லை. திரும்பி வரும்போது சாலை பளிச்சென்று கிடப்பதைப் பார்த்து, பரவாயில்லையே, இன்றைக்கு நிலா சீக்கிரம் வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டு, விளக்கே போடாமல் நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தாள். அமாவாசைக்கு நிலா ஏது என்பது, சோறு வடித்து, ரசம் வைத்து, மகளுக்குத் தட்டு எடுத்து வைத்தபோது தினக் காலண்டர் கண்ணில் பட்ட பிறகுதான் உறைத்தது, அதற்குள் பாதி ஊர் அங்கே போய்விட்டிருந்தது.

பாவடிப்பாளையம் விசைத்தறி ஊர். தறிக்குடோன்களுக்கு நடுவே ஓடுகிற சந்துகளில் பாவு உருளையும் நூல் மூட்டையும் போட்டது போக மிச்சம் கிடக்கிற இடத்தில் ஒரு மொபெட்டைக்கூடத் திருப்ப முடியாது. அதனால்தான், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற அங்கப்பன் எங்கிருந்தோ ஒரு மின்சார ஒத்தச்சக்கரத்தை வாங்கிவந்து, அதை இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, நின்றவாக்கில், கையை வீசிக்கொண்டு சந்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தபோது, முதல் நாள் சிரித்தவர்கள் எல்லாரும் அடுத்த பொங்கலுக்குள் ஆளுக்கொன்று வாங்கிவிட்டார்கள். முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும், கை இரண்டும் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கையில் ஒருவர் தூக்குப்போசி கொண்டுபோனார், ஒருவர் நூல் கோன் கொண்டுபோனார், சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முழம் பூக் கட்டி முடித்த பெண்களும் இருந்தார்கள்.

பகலில் ஒரு குறையும் இல்லை. பொழுது சாய்ந்தால்தான் வம்பு. சக்கரத்து விளக்கு முழங்காலுக்குக் கீழே இருப்பதால், அது எங்கோ தொலைவில் வருகிற பைக் என்று லாரிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள், கணக்கு முடிவதற்குள் ஆள் பம்பருக்குப் பக்கத்தில் இருந்தார். கீழ் விளக்கு மட்டும் போட்டால் சின்னக் கல்லுக்கும் ஆள் நீளத்துக்கு நிழல் விழுந்து எது பள்ளம் எது நிழல் என்று தெரியாது; நெற்றியில் மட்டும் விளக்குக் கட்டினால் எல்லாப் பள்ளமும் சமதரையாகத் தெரியும், விழுந்த பிறகுதான் ஆழம் தெரியும். அதனால் ஒத்தச்சக்கர சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து அதற்குத் தானே தலைவராகவும் ஆகிக்கொண்ட அங்கப்பன், சக்கரத்தில் ஒரு விளக்கு, நெற்றியில் ஒரு விளக்கு, முதுகில் சிவப்பாக ஒன்று, தோளிலிருந்து இடுப்புக்கு மின்னுகிற பட்டை ஒன்று என்று சட்டம் போட்டார். எதிரே ஆள் வந்தால் நெற்றி விளக்கு அவர் கண்ணைக் கூசவைக்காமல் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் ஒன்று. இப்படியாகப் பாவடிப்பாளையத்தில் இருட்டிவிட்டால் மாமியாரும் மருமகளும், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும், வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகளும் எதிரெதிரே வந்தால் ஒருவருக்கொருவர் தலை தாழ்த்திப் போனார்கள், புதிதாக வந்த வெளியூர் லாரிக்காரர் ஒருவர் தனக்குத்தான் இத்தனை மரியாதை என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டே போய்ப் புளியமரத்தில் மோதினார்.

இந்தச் சட்டங்களை ஊரில் மீறுகிற ஒரே ஆள் தமயந்தி. அவள் பாவு பிணைக்கிறவள். தறியில் பழைய பாவு தீரும்போது புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழையதோடு முடிச்சுப் போடுகிற வேலை. பொழுது சாய வேலை முடிந்துவிடும். மகள் மௌனிகா துணி மடிக்கிற குடோனில் ஷிப்ட் முடிய எட்டாகும். நடுவில் கிடைக்கிற அந்த நேரத்தில் தமயந்தி ஒத்தச்சக்கரத்தை எடுத்துக்கொண்டு, வாய்க்கால் பாலம் வரைக்கும் ஒரு விளக்கும் போடாமல், கருநீலச் சேலையில் இருட்டோடு இருட்டாகப் போவாள். பாலம் தாண்டியதும் விளக்கைப் போடுவாள். சென்னியப்பனின் தோட்டத்துக் கேட்டுக்குச் சற்று முன்னால் மறுபடி அணைத்துவிடுவாள்.

சென்னியப்பன் பட்டுப்புழு வளர்க்கிறவர். நாற்பத்தைந்து வயது, ஒண்டிக்கட்டை, அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஒத்தச்சக்கரத்தில் நிற்கத் தெரியாத ஒரே ஆண்பிள்ளை. ஏறினால் விழுவார், விழுந்தால் சிரிப்பார். புழுவுக்கு வேளாவேளைக்கு மல்பெரித் தழை போட வேண்டும் என்பதால் பொழுதோடு அவரால் தோட்டத்தை விட்டு நகர முடியாது, ஆகவே தமயந்திதான் போனாள். போய் என்ன செய்தாள் என்றால், அவரோடு சேர்ந்து தழை போட்டாள். புழுக்கள் தின்கிற சத்தம் கூரையில் தூறல் விழுகிறாற்போல் கேட்டுக்கொண்டிருக்க, இரண்டு பேரும் உட்கார்ந்து, அவர் கிண்ணத்தில் எடுத்துவைத்திருக்கும் மல்பெரிப் பழத்தைத் தின்றபடி அன்றைய கதையைப் பேசுவார்கள். இரண்டு வருஷமாக இதுதான் நடந்தது. கல்யாணம் பண்ணிக்கலாமா என்று அவர் கேட்கும்போதெல்லாம், மௌனிகாவுக்கு ஒரு வழி பண்ணிவிட்டு என்று சொல்லிவிடுவாள்.

ஊர் பேசுவதைத் தமயந்தி சமாளித்துவிடுவாள். அவள் வாய்க்கு ஊர் அடங்கும். புருஷன் செத்த அன்றைக்கு, ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மௌனிகா அவள் மடியில் முகத்தைப் புதைத்து, "நம்ம ரெண்டு பேரே போதும்மா, வேற யாரும் வேண்டாம்மா" என்று சொன்னாள், அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. பெயரைத் தவிர மற்ற எதிலும் மௌனமே இல்லாத அந்தப் பெண் இதைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு பேசவே இல்லை என்பதால், அது இன்னும் அப்படியே நிற்கிறது என்று தமயந்தி நம்பினாள். மகளுக்குத் தெரிந்து, அவள் ஒரு நாள் தன்னை அந்நியமாகப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் பாலம் வரைக்கும் இருட்டில் போனாள்.

அன்றைக்கு மட்டும் வெளிச்சம் ஏன் ஒட்டிக்கொண்டது என்று யாருக்கும் தெரியாது. யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை. பகலில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. பொழுது சாயச் சாய, காய்ச்சின பாலில் ஆடை படிகிற மாதிரி சாலைமேல் தெளிந்து வந்தது. பெருக்கிப் பார்த்தார்கள், போகவில்லை. ஒரு வண்டி மண்ணைக் கொட்டிப் பார்த்தார்கள், மண்ணுக்குமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அள்ளிக்கொண்டு போகலாம் என்று குண்டாவோடு வந்தவர்கள் வெறும் குண்டாவோடு திரும்பிப் போனார்கள். மூன்றாம் நாள் அங்கே வடைக் கடை வந்துவிட்டது. நான்காம் நாள் தாயக்கட்டை உருண்டது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வரிசையாகப் பாய் விரித்தார்கள், பெண்கள் நிலக்கடலை உரித்தார்கள், இரவில் கண் தெரியவில்லை என்று ஒன்பது கஜச் சேலைக்கு ஓரம் அடிப்பதை நிறுத்தியிருந்த வேலாத்தாள் தையல் மிஷினையே தூக்கிவந்து போட்டுக்கொண்டாள். வெளிச்சம் பாலத்தில் ஆரம்பித்துத் தோட்டத்துக் கேட்டுக்கு முன்னால் முடிந்துவிடுகிறதே, அது ஏன் அப்படி என்று எல்லாரும் யோசித்தார்கள்.

ஊரில் எல்லாருக்கும் கீழ் விளக்கின் நிழலைப் படிக்கத் தெரியும். வெளிச்சத்தோடு சேர்ந்து ஒவ்வொரு கல்லின் நிழலும் அப்படியே ஒட்டிக் கிடந்தது. எல்லா நிழலும் தோட்டத்தைப் பார்த்தே நீண்டிருந்தது, ஒரு கல்லின் நிழல்கூட ஊரைப் பார்த்துத் திரும்பியிருக்கவில்லை. ஆகவே வந்தது யாரோ, அவர் அந்தப் பக்கம் போனார், போனவர் திரும்பவில்லை என்று முடிவானது. போய்த் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டது வேறு யாராக இருக்கும், வெளிச்சாத்தாதான் என்று யாரோ ஒரு பெயரும் வைத்துவிட, சென்னியப்பனின் கேட்டுக்கு முன்னால் மஞ்சளும் எலுமிச்சம்பழமும் மாலையும் குவிந்து, தழை வண்டி உள்ளே போக வழியில்லாமல் அவர் வேலியைப் பிரித்து வேறு வழி போட்டுக்கொண்டார். தமயந்தி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மௌனிகாவின் ஷால் போனது.

குடோன்களிலிருந்து கிழக்கு வீதிக்கு வருகிற வழியில் கல்லுக்குழி வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் கைவிட்ட கல்குழி, ஒரு பக்கம் சுவர், நடுவில் லாரி. விளக்குக் கம்பம் நட்டால் ஒரு மாதத்தில் ஏதாவது ஒரு லாரி அதைச் சாய்த்துவிடும். எட்டு மணி ஷிப்ட் விட்டால் சக்கரம் வாங்க வசதியில்லாத பெண்கள் கூட்டமாக அந்த வழியாகத்தான் நடந்து வர வேண்டும். அன்றைக்கு வந்த லாரி மௌனிகாவை உரசிக்கொண்டு போய், அவள் ஷாலைத் தன் கொக்கியில் மாட்டிக்கொண்டு கேரளாப் பக்கம் போய்விட்டது.

"பச்சைக் கலரும்மா, புதுசு," என்று மௌனிகா சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். "இந்நேரம் கேரளா பார்டர் தாண்டியிருக்கும். நானே இன்னும் போனதில்ல."

தமயந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். "நாளைக்கும் அந்த வழியாத்தான் வருவியா?"

"வேற வழி எங்கம்மா இருக்குது?"

செய்தி அங்கப்பன் காதுக்குப் போனது. அடுத்த தடவை லாரி ஷாலோடு நிறுத்தாது என்று அவருக்கும் தெரியும். வெளிச்சாத்தா பாலத்துப் பக்கம் போய் என்ன பிரயோஜனம், கல்லுக்குழி வளைவுக்கல்லவா வந்திருக்க வேண்டும் என்று யோசித்தவருக்கு, ஆத்தாள் ஏதோ ஒரு சங்க உறுப்பினரின் விளக்கில்தான் ஏறி வந்திருக்க வேண்டும் என்று பட்டது. மறுநாள் பொழுதோடு ஒத்தச்சக்கரம் வைத்திருக்கிற எல்லாரையும் வளைவுக்கு வரச்சொல்லி, ஒவ்வொருவராக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகவைத்தார். போனார்கள், வெளிச்சமும் கூடவே போனது. தமயந்தியின் முறை வந்தது. சாமி, ஒட்டிவிடாதே என்று வேண்டிக்கொண்டு போனாள். ஒட்டவில்லை. அவள் விளக்கின் வெளிச்சமும் எல்லார் வெளிச்சத்தையும் போலவே எழுந்து சக்கரத்தின் கூடவே போனது. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா தீர்வதற்குள், அன்றைக்கு இரவும் மௌனிகா இந்த இருட்டில்தான் நடந்து வருவாள் என்று நினைவுக்கு வந்து, தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஒரு எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு, பக்தையோடு பக்தையாக, வெளிச்சாத்தாளைக் கும்பிடப் போனாள். கேட்டுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு, யாரும் பார்க்காத நேரம் பார்த்து மல்பெரி வரிசைக்குள் நுழைந்தாள். சென்னியப்பன் தழை அறுத்துக்கொண்டிருந்தார்.

"பழம் கொண்டாந்தியா? அந்தக் குமியல்ல போட்டுடு," என்றார். "இத்தனைக்கும் ஊறுகாய் போட ஆளு வேணும்."

"வெளையாடாதீங்க. அது என்ற விளக்கு வெளிச்சந்தான்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"பின்ன, ஆத்தா வந்து எங்கிட்ட மல்பெரிப் பழமா தின்னா?"

அவள் வளைவில் நடந்ததைச் சொன்னாள். ஒட்டவில்லையே என்று நிம்மதியாக இருந்ததையும், பிறகு நிம்மதி இல்லாமல் போனதையும் சொன்னாள். அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அமாவாசையன்னைக்கு நீ எங்கிட்ட வந்தே. நேத்து வளைவுல யார்கிட்டப் போனே?"

"யார்கிட்டயுமில்லீங்க. அங்கப்பண்ணன் போச்சொன்னாரு, போனேன்."

"அதான் ஒட்டலை."

தமயந்திக்கு அது உடனே புரிந்தது. புரிந்ததும் காது சூடானது. தறியில் இழை அறுந்தால் எந்த இழை எதோடு சேர வேண்டும் என்று கைக்குத் தெரிகிற மாதிரித் தெரிந்தது.

"அந்தக் கோடில நான் வந்து நின்னா ஒட்டும்," என்றார் அவர். "நீ சொன்னா நிக்கறேன். வேண்டாம்ன்னா, இந்த எலுமிச்சம்பழத்தை எண்ணிட்டு இப்படியே கெடக்கறேன். கோவமெல்லாம் இல்லை அம்மிணி."

"எல்லாரும் பாப்பாங்க."

"வெளிச்சம் போட்டா பாக்கத்தான் செய்வாங்க."

"மௌனிகாவும் பாத்துடுவா."

மகள் விஷயத்தில் அவர் என்றைக்குமே ஒரு வார்த்தை கூடப் பேசியவரில்லை. அதற்காகவே அவரை அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் எழுந்து, தோளில் இருந்த மின்னுகிற பட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"நாளைக்குப் பொழுதோட. புழுவுக்கு முன்னாடியே தழை போட்டுட்டு வாங்க. இதைப் போட்டுட்டு நில்லுங்க, லாரிக்காரனுக்கு நீங்க தெரியோணும்."

மறுநாள் எட்டு மணிக்குக் குடோன் கதவுகள் திறந்தன. பெண்கள் கூட்டமாக வெளியே வந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் வளைவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தபோது, பின்னாலிருந்து தமயந்தி வந்தாள். சக்கரத்து விளக்கு எரிந்தது, நெற்றி விளக்கு எரிந்தது, முதுகில் சிவப்பு எரிந்தது, பெட்டியில் பல மாதமாகக் கிடந்த கழுத்துச் சங்கிலியையும் எடுத்துப் போட்டிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். வளைவின் தொடக்கத்தில் ஒரு நொடி நின்றாள். அந்தக் கோடியில் அவள் விளக்குப் பட்டு அந்தப் பட்டை மின்னியது. எத்தனை தூரம், எத்தனை பேர், யார் யார் என்று எதையும் பார்க்காமல், அந்த மினுக்கலை மட்டும் பார்த்து முன்னால் சாய்ந்தாள்.

வெளிச்சம் ஒட்டியது. கல்குழியின் விளிம்பு தெரிந்தது, சுவரில் எழுதியிருந்த பழைய கட்சிச் சின்னம் தெரிந்தது, மூன்று லாரிகளின் பெயிண்ட் கீறல்கள் தெரிந்தன, இத்தனை நாள் இந்தப் பள்ளத்தையா தாண்டி வந்தோம் என்று பெண்கள் வாயில் கைவைத்தார்கள். எதிரே வந்துகொண்டிருந்த சங்க உறுப்பினர்கள் அங்கப்பன் உட்படச் சட்டப்படி தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒத்தச்சக்கரத்தில் நிற்கத் தெரியாத, சங்கத்தில் சேராத, வழக்கம் தெரியாத சென்னியப்பன் மட்டும் தலையைக் குனியவில்லை. அவர் கண் கூசக் கூச அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளிச்சம் அவர் செருப்பில் போய் முடிந்தது. தமயந்தி இறங்கினாள். ஊருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மௌனிகா வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

"நாக்கை நீட்டும்மா," என்றாள்.

"என்ன கண்ணு?"

"ரெண்டு வருசமா உன்ற நாக்கு நாவப்பழம் தின்னாப்பல இருக்குது. நம்மூர்ல நாவமரம் எங்கேம்மா இருக்குது? எப்பச் சொல்லுவே, எப்பச் சொல்லுவேன்னு நானும் பாத்துட்டே இருந்தேன். எனக்கு வாயை மூடிட்டு இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

தமயந்தி அழுதேவிட்டாள். "நீதான கண்ணு சொன்னே, நம்ம ரெண்டு பேரே போதும், வேற யாரும் வேண்டாமுன்னு."

"அப்ப எனக்குப் பதினோரு வயசு! அப்ப கத்திரிக்காயும்தான் வேண்டாமுன்னு சொன்னேன். இப்பத் திங்கறனில்ல?" என்று சொல்லிவிட்டு, சென்னியப்பன் பக்கம் திரும்பி, "அந்தப் பழத்துல எனக்கு ஒரு நாளாச்சும் குடுத்துவுட்டீங்களாங்க? எங்கம்மாதான் தனியா மொக்குனா, உங்களுக்காச்சும் தோணியிருக்க வேண்டாமுங்களா?" என்றாள். சென்னியப்பன் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். தமயந்திக்கென்று கொண்டுவந்தது அது. முழுவதையும் மௌனிகாவே தின்றாள்.

மறுநாளே வெளிச்சாத்தாளுக்குக் குவிந்திருந்த எலுமிச்சம்பழங்களை ஊர் திரும்ப எடுத்துப்போய் ஊறுகாய் போட்டது. ஏமாந்துபோனோம் என்று யாரும் வருத்தப்படவில்லை. ஆத்தாளிடம் கேட்க முடியாததைத் தமயந்தியிடம் கேட்கலாமே என்று சந்தோஷம்தான். "அண்ணா, இன்னைக்குப் பொழுதோட எங்க வீதிக் கடைசில ஒரு பத்து நிமிசம் வந்து நில்லுங்ணா" என்று சென்னியப்பனைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார், ரேஷன் கடைக்குப் பக்கத்தில் நின்றார், சுடுகாட்டுப் பாதையில் கொஞ்சம் பயந்துகொண்டே நின்றார். அவர் நின்ற இடத்துக்கெல்லாம் தமயந்தி வந்தாள், வெளிச்சமும் வந்து படுத்துக்கொண்டது. அவர் நிற்கப் போன நேரத்தில் புழுவுக்குத் தழை போட வீதிக்கு ஒரு முறை வைத்தார்கள். போகிறவர்கள் புழுவோடு பேசிப் பழகி, எங்க புழு, உங்க புழு என்று சண்டைகூடப் போட்டுக்கொண்டார்கள், அந்தத் தடவை கூடு ஒவ்வொன்றும் கோழிமுட்டைக்குக் கொஞ்சம் குறைவாக விழுந்தது.

ஆவணியில் கல்யாணம் என்று முடிவானபோதுதான் சிக்கல் வந்தது. அங்கப்பன் நான்கு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமினார்.

"தமயந்தி, கோவிச்சுக்காதே அம்மிணி. மேக்கு வீதி இன்னும் பாக்கி இருக்குது, பள்ளிக்கூடத்துச் சந்து பாக்கி இருக்குது. நீங்க கல்யாணம் பண்ணி ஒரே ஊட்டுல உக்காந்துட்டா, அப்புறம் யாரு யாரைத் தேடிப் போறது? தை வரைக்கும் தள்ளி வெச்சுக்கலாமான்னு ஊர்ல கேக்கறாங்க. சமையக்காரனுக்கு நான் சொல்லிக்கறேன்."

இரண்டு வருஷம் இருட்டில் போய்வந்தவளுக்கு இந்த ஐந்து மாதம் பெரிதில்லைதான். ஆனாலும் அவளுக்குத் தாங்கவில்லை. ஒளிந்து போனபோது யாரும் தடுக்கவில்லை, ஊரறிய வந்த பிறகு ஊரே குறுக்கே நிற்கிறதே என்று வாய் திறக்கப் போனாள்; அவளுக்கு முன்னால் மௌனிகா முந்திக்கொண்டாள்.

"ஏனுங்க மாமா, உங்களுக்கு விளக்கு இல்லீங்களா?"

"இருக்குது கண்ணு. ஒட்ட மாட்டீங்குதே."

"அன்னைக்கு வளைவுல நீங்க யார்கிட்டப் போனீங்க? இந்தக் கோடில இருந்து அந்தக் கோடிக்குப் போனீங்க. கோடிக்குப் போனா எப்படீங்க ஒட்டும்? எங்கம்மா இனிமே ஊட்டுல உக்காரட்டும். வீதிக்கு வெளிச்சம் வேணும்ங்கறவங்க அவங்கவுங்களுக்கு யாரைப் பாக்கோணுமோ அவங்களைத் தேடிப் போங்க."

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அங்கப்பன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அவருக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. யாரைத் தேடிப் போவது? பெண்டாட்டி எதிரில் உட்கார்ந்து குழம்பு ஊற்றுகிறாள். பிள்ளைகள் பக்கத்து அறையில் படிக்கிறார்கள். மேற்கு வீதிக் கடைசியில் இருக்கிற அண்ணன் முகந்தான் திரும்பத் திரும்ப வந்தது. கிணற்றுப் பங்கில் வந்த சண்டை. இப்போது அந்தக் கிணற்றில் தண்ணீரும் இல்லை. தினமும் இருட்டில் எதிரெதிரே வந்து, விளக்குக்காகத் தலையைக் குனிந்து குனிந்தே வருஷக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கையைக் கழுவிவிட்டுச் சக்கரத்தை எடுத்தார். மேற்கு வீதி முழுக்க வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் ஒட்டியது, தமயந்தியின் வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் மங்கல்தான், நடுவில் இரண்டு இடத்தில் விட்டுவிட்டும் இருந்தது, ஆனாலும் ஒட்டியது. அண்ணன் வீட்டு வாசலில் நின்று, "இந்தப் பக்கமா வந்தேன்" என்றார். "வந்தவன் நெத்தி விளக்கை அணைடா, கண்ணு கூசுது" என்றார் அண்ணன்.

கல்யாணம் ஆவணியிலேயே நடந்தது. அதற்குப் பிறகு பொழுதோடு பாவடிப்பாளையத்தைப் பார்க்க வேண்டுமே: கோபித்துக்கொண்டு போன மருமகளைத் தேடி ஒருவர், சின்ன வயதுச் சிநேகிதியைத் தேடி ஒருத்தி, காசு வாங்காமல் பல் பிடுங்கிவிட்ட டாக்டரைத் தேடி ஒருவர் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். சில வெளிச்சம் நன்றாக ஒட்டியது, சிலது ஒரு வாரத்தில் உரிந்துபோனது. இரண்டு சந்துகள் இன்றைக்கும் இருட்டாகத்தான் இருக்கின்றன, அங்கே யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை.

தமயந்தியும் மௌனிகாவும் தோட்டத்து வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஐப்பசியில் ஒரு நாள், தழை போட்டு முடித்துத் தமயந்தி வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, மௌனிகா புதுப் பச்சை ஷாலைப் போட்டுக்கொண்டு, அம்மாவின் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஓட்டப் பழகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது.

"சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்மா," என்றாள். அவ்வளவு பேசுகிற பெண் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

கேட்டைத் தாண்டினாள். சாலை வெளிச்சமாகத்தான் கிடந்தது. ஆனால் அவள் அதில் ஏறாமல், ஓரத்து வண்டித்தடத்தில் இறங்கி, இருட்டுக்குள் வளைந்தாள். மூன்று விளக்கில் ஒன்றுகூட எரியவில்லை. தமயந்திக்குக் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது.

"கண்ணு!" என்று கத்தினாள். இருட்டில் சக்கரம் நின்ற சத்தம் கேட்டது. "விளக்கைப் போட்டுட்டுப் போ!"

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கீழ் விளக்கு எரிந்தது, நெற்றி விளக்கு எரிந்தது, முதுகில் சிவப்பு எரிந்தது. சக்கரம் கிளம்பியது. வண்டித்தடத்தில் புதிதாக ஒரு வெளிச்சம் படிந்து, சோளக்காட்டுக்கு நடுவே வளைந்து வளைந்து நீண்டுகொண்டே போனது.

சென்னியப்பன் தழைக் கூடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "எந்தப் பக்கம் போறா? யாரு ஊடு இருக்குது அங்க?"

"உள்ளே வாங்க," என்றாள் தமயந்தி. அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், அந்த வெளிச்சம் யார் வாசலில் போய் முடிகிறது என்று பார்க்க ஆசையாகத்தான் இருந்தது, ஆனாலும் திரும்பவில்லை. அவரையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்து, மகளுக்குச் சோற்றை எடுத்து மூடிவைத்துவிட்டு, கதவைத் தாழ் போடாமல் சும்மா சாத்தினாள்.